பவுடர் புளூ டாங் மேல் வெள்ளைப் புள்ளிகள்: எல்லா மீன்களையும் வெளியே எடுத்தே ஆக வேண்டுமா?

அல்சூர் மாலுமி | டிசம்பர் 12, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். என் கடல்நீர் மீன்தொட்டி நான்கு அடி நீளம், அடித்தொட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 350 லிட்டர். சோவாந்திட், காளான் பவளம், லெதர் பவளம் என்று மென்பவளங்கள் மட்டும்தான் வைத்திருக்கிறேன். இரண்டு துப்புரவு இறால்கள், கொஞ்சம் நத்தைகள். மீன்களில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஓர் ஆறுகோட்டு ராஸ், ஒரு மாண்டரின். இந்த மாதத் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் தன் தொட்டியைச் சிறிதாக்கப் போவதாகச் சொல்லி ஒரு பவுடர் புளூ டாங் கொடுத்தார். அவரிடம் இரண்டு ஆண்டுகளாக நோய்நொடி இல்லாமல் வளர்ந்த மீன்.

நேற்றுக் காலை அதன் துடுப்புகளிலும் விலாவிலும் உப்புக்கல் ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பாறையில் உடம்பைத் தேய்க்கிறது. கோமாளி மீனின் வாலிலும் ஒன்றிரண்டு தெரிகிறது. இன்று மாலை பார்த்தால் டாங்கின் மேல் பாதிப் புள்ளிகளைக் காணவில்லை. எல்லாமே நன்றாகச் சாப்பிடுகின்றன. பெங்களூர் இரவுக் குளிரில் தண்ணீர் 23 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது; ஹீட்டர் சிறியது.

கடையில் கேட்டால், பவளத்துக்குத் தீங்கில்லாத மருந்து என்று ஒரு பாட்டிலை நீட்டுகிறார்கள். புள்ளி குறைந்திருக்கும்போது மருந்து தேவையா? அல்லது எல்லா மீன்களையும் பிடித்து வெளியே போட வேண்டுமா? அப்படியானால் பாறை முழுவதையும் கலைக்க வேண்டும். வீட்டில் வேறு தொட்டியும் இல்லை.

உப்பளத்தான் | டிசம்பர் 12, இரவு 11.05

தம்பி, அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். இறாலையும் நத்தையையும் பவளத்தையும் தொடாமல், அதே தண்ணீரில் நீந்தும் ஒட்டுண்ணியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்தை நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

புள்ளி குறைந்ததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது கிரிப்டோகேரியான் என்றால் (நம் வட்டாரத்தில் எல்லோரும் 'இக்' என்றே சொல்லும் வெள்ளைப் புள்ளி நோய்) நடந்திருப்பது இதுதான். அந்த உயிரி மீனின் மேல்தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கிறது. பிறகு தானே கழன்று விழுகிறது. மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் பிரிந்து பெருகி நூற்றுக்கணக்கில் குட்டிகள் வெளியே வரும். அவற்றுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஆயுள். அதற்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும். கடலில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பதில்லை. 350 லிட்டருக்குள் ஐந்து மீன்கள் என்றால் எல்லாவற்றுக்கும் விருந்துதான்.

ஆகவே இன்று காணாமல் போன புள்ளிகள் உங்கள் மணலில் இருக்கின்றன. அடுத்த அலை வரும்.

நான்கு அடித் தொட்டியில் பவுடர் புளூ வைப்பது தனிப் பஞ்சாயத்து. அதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

கோகிலா, பிரேசர் டவுன் | டிசம்பர் 12, இரவு 11.32

உப்பளத்தான் அண்ணன் 'என்றால்' என்று சரியாகத்தான் ஆரம்பித்தார். அந்த 'என்றால்' தீராமல் எதுவும் செய்ய வேண்டாம். நோயின் பெயரைப் பொறுத்துத்தான் வைத்தியம் மாறுகிறது.

மாலுமி, இப்போதே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து டாங்கைப் பாருங்கள். தனித்தனியாக எண்ணக்கூடிய, உப்புக்கல் அளவுப் புள்ளிகளா? அல்லது மாவோ தங்கத்தூளோ தூவியதுபோல் உடம்பெங்கும் மெல்லிய படலமா? மூச்சு வேகமாக வாங்குகிறதா? அலை எழுப்பும் மோட்டாரின் முன்னால் போய் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கிறதா? வெளிச்சத்தைக் கண்டால் ஒளிகிறதா? பின்னால் சொன்னவை இருந்தால் அது வெல்வெட், அதாவது அமைலூடினியம். அது முதலில் செவுளைத்தான் பிடிக்கும். புள்ளி தெரிவதற்கு முன்பே மீன் இறந்துபோவதும் உண்டு. அந்த நிலையில் நாளை காலை வரை விவாதித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

கோமாளி மீனையும் பாருங்கள். உடம்பிலிருந்து வெள்ளைச் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா. அது மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவது. கூடு கட்டும் கட்டமே கிடையாது. அதற்குத் தாமிர மருந்து பயன்படாது, ஃபார்மலின் குளியல்தான். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு முண்டு மட்டும் என்றால் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். அதற்கு மருந்தும் இல்லை, பெரிய ஆபத்தும் இல்லை.

புதுநீர் | டிசம்பர் 13, காலை 6.50

நான் நன்னீர்த் தொட்டிக்காரன், கடல்நீருக்கு மாற நினைத்து இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் இக் வந்தால் ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றி உப்புப் போடுவோம், போய்விடும். பழைய ஆட்கள் மயில்துத்தமும் போடுவார்கள். இங்கே ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? உணவில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்தால் போதும் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன்.

உப்பளத்தான் | டிசம்பர் 13, காலை 7.15

நன்னீர் இக்கும் கடல்நீர் இக்கும் பார்வைக்குத்தான் ஒன்று. அது இக்தியோப்திரியஸ், இது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். நெருங்கிய உறவுகூட இல்லை. கடல்நீர் வகை சூட்டுக்குச் சாகாது. சூட்டில் அதன் சுழற்சி வேகமாகும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், செவுளில் அடிபட்ட மீன் மூச்சுத் திணறும். உப்புப் போடுவதைப் பற்றிக் கடல்நீர்த் தொட்டியிடம் என்ன சொல்வது?

மயில்துத்தம் வேலை செய்யும், தாமிரம்தானே. ஆனால் முதுகெலும்பில்லாத எதுவும் அதில் பிழைக்காது: இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பாறையும் பவள மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. பூண்டுக்குப் பசியைத் தூண்டும் மணம் உண்டு. மீன் சாப்பிடும், அவ்வளவுதான்.

ஒயிட்ஃபீல்டு வேலு | டிசம்பர் 13, காலை 9.20

அந்த மீனைக் கொடுத்தவன் நான்தான். ஆகவே நான் பேசியே ஆக வேண்டும்.

என் தொட்டியில் இந்த டாங் இரண்டு ஆண்டு இருந்தது. வந்த புதிதில் ஒரு தடவை புள்ளி வந்தது, போனது. அதன் பிறகு வரவில்லை. நான் ஒரு மீனையும் வெளியே எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவு, எப்போதும் கடற்பாசித் தாள், பெரிய புற ஊதா விளக்கு, சீரான வெப்பம். மீன் தெம்பாக இருந்தால் தானே எதிர்த்து நிற்கும். ஓர் அலையில் தப்பிய மீனுக்கு சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்பதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். பாறையைக் கலைத்து, மீனைத் துரத்திப் பிடித்து, பெரிய தொட்டியின் ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று, குழாய்த் துண்டு கிடக்கும் வெற்றுத் தொட்டியில் இரண்டரை மாதம் அடைத்து வைப்பது அதற்கு இன்னும் பெரிய துன்பம். வைத்தியத்தில் செத்த மீன்களின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

மாலுமி, ஹீட்டரை மாற்றுங்கள். நன்றாக உணவு கொடுங்கள். பதறாதீர்கள்.

உப்பளத்தான் | டிசம்பர் 13, காலை 10.02

வேலு சார், நீங்கள் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. உங்கள் தொட்டியில் நோய் அடங்கியிருந்தது, அழியவில்லை. புள்ளி வெளியே தெரியாமல் செவுளில் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டே சுழற்சி ஓடியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி உள்ள மீனுக்கு அது தொந்தரவே இல்லை. வண்டியில் ஒரு பயணம், புதுத் தொட்டி, ராஸின் சண்டை, டிசம்பர்க் குளிர் எல்லாம் சேர்ந்ததும் கட்டவிழ்ந்துவிட்டது. மாலுமியின் கோமாளி மீன்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி கிடையாது. உங்கள் வீட்டில் பராமரிப்பு என்று பெயர் பெற்றது அடுத்த வீட்டுக்குப் போனதும் தொற்று ஆகிறது.

புற ஊதா விளக்கு தன் வழியாக வரும் தண்ணீரில் இருப்பதைத்தான் கொல்லும். இரவில் கூடு வெடித்து வரும் குட்டி, பக்கத்துப் பாறை இடுக்கில் தூங்கும் மீனைப் பிடிக்க விளக்கு வழியாகச் சுற்றி வர வேண்டிய அவசியம் இல்லை.

கொளத்தூர் சரக்கு | டிசம்பர் 13, பகல் 12.40

நான் சென்னையில் மொத்த வியாபாரத்தில் இருந்தவன், இப்போது ராமமூர்த்தி நகரில் வேறு வேலை. ஒன்று சொல்கிறேன். பல கடைகளில் மீன் தொட்டிகள் எல்லாம் ஒரே தண்ணீரில் சுற்றும். நோய் தெரியாமல் இருக்கக் குறைந்த அளவு தாமிரம் போட்டிருப்பார்கள், அல்லது உப்பைக் குறைத்து ஓட்டுவார்கள். மீன் பளபளவென்று இருக்கும். வீட்டுக்கு வந்து முழு உப்பில் விட்டதும் இரண்டு வாரத்தில் புள்ளி வரும். கடைக்காரர் 'உங்கள் தண்ணீர் சரியில்லை' என்பார். தொட்டியில் பிறந்த கோமாளி மீன் என்றால் சுத்தம் என்று நினைப்பதும் சரியல்ல. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பொரிப்பகத்திலிருந்து சுத்தமாக வரும் குஞ்சு, கடைத் தொட்டியில் கடல் மீன்களோடு ஒரு வாரம் நீந்தினால் எல்லாம் ஒன்றுதான்.

வேலு சார் கொடுத்தது இரண்டு ஆண்டு வளர்ந்த மீன். கடை மீனைவிட நல்லது என்று நானும் நம்பி வாங்கியிருப்பேன்.

நெறியாளர் | டிசம்பர் 13, பகல் 1.10

யார் கொடுத்த மீன் என்ற பேச்சு இத்துடன் போதும். மருந்தின் அளவை எழுதுபவர்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். 'ஒரு மூடி', 'ஒரு சிட்டிகை' என்று எழுதினால் நீக்கிவிடுவேன்.

அல்சூர் மாலுமி | டிசம்பர் 13, இரவு 8.30

டார்ச் அடித்துப் பார்த்தேன். தனித்தனிப் புள்ளிகள்தான். தூள் மாதிரி இல்லை. மூச்சு இயல்பாக இருக்கிறது. வேலு அண்ணன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தொட்டியை மட்டும் காப்பாற்றினால் போதும். கோகிலா அக்கா தன்னிடம் நுண்ணோக்கி இருப்பதாகத் தனிச்செய்தியில் சொன்னார். அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம்தான் என் வீடு. நாளை வருகிறார்.

கோகிலா, பிரேசர் டவுன் | டிசம்பர் 14, மாலை 4.45

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது பள்ளிக்கூடத்து நுண்ணோக்கிதான். 40 மடங்கு, 100 மடங்கு போதும். மாதிரியை எடுத்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, நிமிடங்களில் காய்ந்து எல்லாம் செத்துவிடும். ஆகவே நுண்ணோக்கிதான் மீனிடம் போக வேண்டும். கடல்நீரில் நனைத்த துணியால் டாங்கின் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டால் அது அடங்கிவிடுகிறது. வால் அடியில் இருக்கும் கத்தி முள் மட்டும் கவனம், மாலுமியின் கட்டைவிரல் சாட்சி. மெல்லிய மூடுகண்ணாடியின் விளிம்பைத் தலைப்பக்கத்திலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு தடவை, செதிலை நிமிர்த்தாமல் இழுத்தேன். விளிம்பில் சாம்பல் நிறச் சளி ஒரு கோடாக வந்தது. கண்ணாடித் தகட்டில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு அதில் பரப்பினேன். குழாய்த் தண்ணீர் விடக் கூடாது. பார்க்க வேண்டியதெல்லாம் உப்பி வெடித்துவிடும்.

40 மடங்கிலேயே தெரிந்தது. கறுப்பாக, உருண்டையாக ஒன்று தன்னைத்தானே மெதுவாகச் சுற்றிக்கொண்டே சளியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. 100 மடங்கில் அதன் விளிம்பு முழுவதும் மயிரிழைகள் படபடத்தன. அதே தகட்டில் இன்னும் இரண்டு. கிரிப்டோகேரியான், சந்தேகமில்லை. வெல்வெட் என்றால் உருண்டை அசையாது. செதிலோடு வேர் பிடித்து நிற்கும், பழுப்பாகத் தெரியும். அதில் மாவுச்சத்து இருப்பதால் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் கருத்துவிடும். இரண்டாவது தகட்டில் அயோடின் விட்டேன், அப்படி எதுவும் இல்லை. கோமாளி மீனில் எடுத்த சளியில் அவரை விதை வடிவில் சறுக்கிக்கொண்டு போகும் புரூக்லினெல்லாவும் இல்லை.

இது நல்ல செய்தி. இக் மட்டும் என்றால் மருந்தே இல்லாமல் தீர்க்க வழி இருக்கிறது.

உப்பளத்தான் | டிசம்பர் 14, மாலை 6.20

கோகிலா சொல்வது தொட்டி மாற்றும் முறை. மாலுமிக்கு அதுதான் பொருந்தும், ஏனென்றால் ராஸும் மாண்டரினும் பவுடர் புளூவும் தாமிரத்தோடு ஒத்துப்போகாத கூட்டம்.

கணக்கு எளிது. மீன் மேல் இருக்கும் ஒட்டுண்ணி அதிகபட்சம் 7 நாளில் கழன்று விழும். விழுந்தது கூடு கட்டிக் குட்டி விடக் குறைந்தது 3 நாள் ஆகும். ஆகவே 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனைப் புதுத் தண்ணீர் உள்ள வேறு டப்பாவுக்கு மாற்றினால், விழுந்ததெல்லாம் பழைய டப்பாவில் மாட்டிக்கொள்ளும். முதல் நாள் ஒரு டப்பா, பிறகு 4, 7, 10ஆம் நாட்களில் மாற்றம், 13ஆம் நாள் காத்திருப்புத் தொட்டி (பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்கும்வரை மீன்கள் தங்கும் இடம்). தாமிரமும் சரி, வேறு எந்த மருந்தும் சரி, தோலுக்குள் புதைந்திருப்பதைத் தொடுவதில்லை. நீந்தி வரும் குட்டியைத்தான் கொல்லும். அதுதான் தாமிரத்தைப் பல வாரம் அளவு குறையாமல் பிடித்து வைக்க வேண்டியிருப்பதன் காரணம். இங்கே குட்டி பிறக்கும் முன்பே நாம் வீட்டைக் காலி செய்துவிடுகிறோம்.

இரண்டு டப்பாக்கள் போதும், மாற்றி மாற்றி. ஆனால் காலியானதைக் கழுவி, எலும்பு காய்வதுபோல் வெயிலில் காயவிட வேண்டும். காற்றுக்கல், ஹீட்டர், வலை, குழாய்த் துண்டு எல்லாமே இரண்டு செட். ஒன்றின் ஈரம் மற்றதில் படக் கூடாது. மீனோடு போகும் தண்ணீர் கைப்பிடி அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டிலும் உப்படர்த்தி 1.025, வெப்பம் 27 என்று ஒன்றாக வைத்தால் பழக்கப்படுத்த நேரம் செலவிட வேண்டாம். ஊசி ஆடும் அளவியை நம்பாமல் ஒளிவிலகல்மானியில் பாருங்கள், அதையும் ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள திருத்தக் கரைசலில் சரிபார்த்துக்கொண்டு.

3 நாளில் அம்மோனியா ஏறும். உணவைக் குறையுங்கள், அம்மோனியாவைக் கட்டும் திரவம் ஊற்றலாம். தாமிரம் போட்ட தண்ணீரில் மட்டும் அந்தத் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். தாமிரம் மீனுக்கே விஷமாகிவிடும்.

வெல்வெட்டுக்கு இந்த முறை உதவாது. உப்பை 1.009க்குக் குறைக்கும் முறையும் அப்படித்தான்: இக்குக்கு உண்டு, வெல்வெட் அந்த உப்பிலும் நிம்மதியாக வாழும். கோகிலா நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு போனது இதற்குத்தான்.

அல்சூர் மாலுமி | டிசம்பர் 14, இரவு 9.15

தண்ணீர்தான் கவலை. எங்கள் அடுக்ககத்தில் பாதி நாள் டேங்கர். 80 லிட்டர் டப்பாவும் மாண்டரினுக்கு 15 லிட்டரும் என்று வைத்தால் நான்கு தடவைக்கு 380 லிட்டர். என் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு விடும், 1140 லிட்டர். 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பார்த்தபின், சங்கச் செயலாளர் முகத்தில் எப்படி விழிப்பது?

தொட்டித் தண்ணீரையே வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

கொளத்தூர் சரக்கு | டிசம்பர் 14, இரவு 9.50

தொட்டித் தண்ணீர் கூடவே கூடாது, குட்டிகள் அதில்தான் நீந்துகின்றன. நேரடியாகக் காவிரித் தண்ணீர் வரும் வீடு யாராவது நண்பர் வீடாக இருந்தால் கேனில் பிடித்து வாருங்கள். குளோரினை நீக்கிவிட்டு உப்புக் கலக்கலாம். டப்பாவில் பவளமே இல்லை, 3 நாள்தான் பயன், ஆர்.ஓ. நீர் அவசியமே இல்லை. டேங்கர் நீர் என்றால் வேண்டாம், எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று ஓட்டுநருக்கே தெரியாது. 80 லிட்டருக்கு உப்பு ஏறத்தாழ 3 கிலோ பிடிக்கும்.

ஒயிட்ஃபீல்டு வேலு | டிசம்பர் 14, இரவு 10.30

சரி, டாங்கையும் கோமாளிகளையும் எடுங்கள். மாண்டரினை ஏன் தொடுகிறீர்கள்? அதன் தோலில் சளி தடித்திருக்கும், இக் பிடிப்பதே அபூர்வம். பாறையில் இருக்கும் கோபிபாட் பூச்சிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்னும் மீன் அது. டப்பாவில் போட்டால் பட்டினி கிடந்து சாகும். நோயைவிட உங்கள் விதிமுறைதான் அதைக் கொல்லும்.

கோகிலா, பிரேசர் டவுன் | டிசம்பர் 14, இரவு 11.10

மாண்டரின் விஷயத்தில் வேலு அண்ணன் சொல்லும் ஆபத்து உண்மையானது. இந்த இழையிலேயே கடினமான கேள்வி இதுதான்.

சளி தடித்திருப்பதால் புள்ளி அபூர்வம், ஆனால் செவுளில் சளிக் கவசம் இல்லை. ஒரே ஒரு மீன் பெரிய தொட்டியில் இருந்தாலும் சுழற்சி அறாது. மற்ற நான்கையும் எடுத்தது வீண். ஆகவே எடுக்கத்தான் வேண்டும், எடுப்பதற்கு முன் அதன் உணவை ஏற்பாடு செய்ய வேண்டும். மாலுமி, உங்கள் மாண்டரின் உறைந்த உணவைத் தொடுமா? தொட்டால் பாதிக் கவலை போயிற்று. தொடாவிட்டால் ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) முட்டையை இன்றே பொரிக்கப் போடுங்கள். 24 மணி நேரத்தில் குஞ்சு வரும். பொரித்த சில மணி நேரத்தில்தான் அதில் சத்து. ஆகவே தினமும் புதிதாக, இரண்டு புட்டிகளை மாற்றி மாற்றி. கோபிபாட் வளர்ப்பு விற்கிறார்கள், அதுவும் ஒரு புட்டி. பெரிய தொட்டியிலிருந்து பூச்சி பிடித்துப் போட வேண்டாம், அந்தத் தண்ணீர் கூடவே வரும். தனி டப்பா மிகவும் அவசியம். மாண்டரின் நிதானமாக யோசித்துக் கொத்தும். அதற்குள் ராஸ் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

வயிற்றுப் பக்கம் ஒட்டி, முதுகுக்குக் கீழே சதை வற்றத் தொடங்கினால் எழுதுங்கள். அப்போது வேறு முடிவு எடுக்கலாம். வாடகைக்கு விடுவதுபோல், மீனே இல்லாமல் பழுத்த தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கொஞ்ச நாள் விடலாம், ஆனால் 13ஆம் நாளுக்குப் பிறகுதான்.

புதுநீர் | டிசம்பர் 15, காலை 7.05

காத்திருப்புத் தொட்டிக்கு லைவ் ராக் (உயிரிகள் குடியிருக்கும் கடற்பாறை) இரண்டு துண்டு வாங்கிப் போட்டால் நல்ல பாக்டீரியாவும் வரும், மாண்டரினுக்குப் பூச்சியும் வரும் அல்லவா? ஓர் இடத்தில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.

உப்பளத்தான் | டிசம்பர் 15, காலை 7.40

கடலில் பெயர்த்த பாறையாக இருந்தால் அதை வாங்கவே கூடாது. பாறைகட்டும் பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறி, கரும்பவளம், தீப்பவளம், கடற்குதிரையும் அப்படியே. நான் தூத்துக்குடிக்காரன், மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றிய கதையைக் கேட்டு வளர்ந்தவன். இங்கே எல்லோரும் மென்பவளத்தோடு நிற்பதற்கு அதுதான் காரணம்.

சட்டத்தை விடுங்கள், மீன் இருந்த தொட்டியில் கிடந்த பாறையில் கூடு ஒட்டியிருக்கும். காத்திருப்புத் தொட்டிக்குப் பஞ்சு வடிகட்டி, புட்டியில் விற்கும் பாக்டீரியா, நாள் தவறாமல் அம்மோனியா சோதனை போதும்.

அல்சூர் மாலுமி | டிசம்பர் 17, இரவு 10.20

மாண்டரின் உறைந்த சைக்ளாப்ஸைக் கொத்துகிறது! டப்பாக்கள், இரண்டு செட் காற்றுக்கல், 100 வாட் ஹீட்டர் இரண்டு, எல்லாம் வந்துவிட்டன. சனிக்கிழமை பிடிக்கப் போகிறேன். பெரிய தொட்டி எத்தனை நாள் மீனில்லாமல் இருக்க வேண்டும்? ஓர் இடத்தில் 45 நாள், இன்னோர் இடத்தில் 76 நாள் என்று இருக்கிறது. அத்தனை நாளும் பவளம் என்ன செய்யும்?

கோகிலா, பிரேசர் டவுன் | டிசம்பர் 17, இரவு 11.00

இரண்டுக்கும் அடிப்படை இருக்கிறது. பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும். ஆனால் 72 நாள் வரை தாமதித்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. அதோடு சில நாள் சேர்த்ததுதான் 76. தண்ணீரின் வெப்பம் 27 டிகிரியில் அசையாமல் நின்றால் எல்லாம் வேகமாக முடிந்துவிடும் என்பதால் 45 என்கிறார்கள்.

நம் ஊரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரி. கூடம் குளிர்ந்து, மின்சாரமும் போய், ஹீட்டர் நின்றால் தொட்டி 23க்கு வந்துவிடும். குளிரில் கூடு உறங்கும். ஆகவே பெங்களூரில் குளிர்காலத்து 45 நாளை நான் நம்ப மாட்டேன். யுபிஎஸ் இணைப்பில் ஹீட்டரைப் போட்டு 27இல் நிறுத்த முடிந்தாலும் 76தான் என் பதில். 20ஆம் தேதி கடைசி மீன் வெளியேறினால் மார்ச் முதல் வாரம்.

அதுவரை இறாலுக்கும் நத்தைக்கும் இரண்டு நாளுக்கு ஒரு முறை சிறிது உணவு போடுங்கள். மீன் கழிவு இல்லாததால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போய் சோவாந்திட் சுருங்கலாம். ஸ்கிம்மரை (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) குறைத்து ஓட்டுங்கள். உங்கள் பச்சை சோவாந்திட்டில் இரண்டு தலைகள் மூடியே இருந்ததைப் பார்த்தேன். அது இக் அல்ல. அடியில் சோவாந்திட் தின்னும் கடல் நத்தைப்புழு இருக்கிறதா என்று இரவில் பாருங்கள். அயோடின் குளியல் புழுவை உதிர்க்கும், முட்டையை அல்ல. முட்டைச் சுருளைப் பல்துலக்கியால் தேய்த்து எடுக்க வேண்டும்.

கொளத்தூர் சரக்கு | டிசம்பர் 18, காலை 8.15

பிடிக்கும் விதம்: வலையோடு பாறையைச் சுற்றி ஓடாதீர்கள். சுத்தமான பீப்பாய்களில் தண்ணீரை உறிஞ்சி இறக்குங்கள். நான்கு விரல் ஆழம் நிற்கும்போது மீன்களே ஓரத்துக்கு வந்துவிடும். மென்பவளம் அரைமணி நேரம் காற்றில் இருந்தால் ஒன்றும் ஆகாது. பிறகு அதே தண்ணீரை ஊற்றிவிடலாம். ராஸ் மட்டும் பாறைத் துளைக்குள் போய்விடும்; அந்தப் பாறையைத் தூக்கி வாளிக்கு மேல் பிடித்தால் குதிக்கும்.

ஒயிட்ஃபீல்டு வேலு | டிசம்பர் 18, இரவு 9.40

என் தொட்டியை நான் கலைக்கப் போவதில்லை. புது மீன் எதுவும் சேர்க்காவிட்டால் ஒரே கால்வழி இக் ஏறத்தாழ 11 மாதத்தில் வீரியம் இழந்து தானே ஓய்ந்துவிடும் என்று ஓர் ஆய்வு உண்டு. அதை நம்பி உட்காருகிறேன்.

விற்க வைத்திருக்கும் மற்ற இரண்டு மீன்களின் விளம்பரத்தில் 'இக் இருந்த தொட்டி' என்று சேர்த்திருக்கிறேன். மாலுமி, உப்புச் செலவில் பாதி என்னுடையது. மறுக்காதீர்கள்.

உப்பளத்தான் | டிசம்பர் 18, இரவு 10.05

11 மாதம் புது மீன் வாங்காத கடல்நீர்த் தொட்டிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. வேலு சார் முதல் ஆளாக இருக்கட்டும். விளம்பரத்தில் எழுதியது பெரிய விஷயம்.

புதுநீர் | டிசம்பர் 19, காலை 6.30

கடைசியாக ஒன்று. காத்திருக்கும் அந்த இரண்டரை மாதத்தில் மாலுமி அண்ணன் நத்தையோ பவளமோ வாங்கித் தொட்டியில் விடலாமா? அவற்றுக்குத்தான் இக் வராதே.

கோகிலா, பிரேசர் டவுன் | டிசம்பர் 19, காலை 7.20

வராது, ஆனால் சுமந்து வரும். நத்தை ஓட்டிலும் பவளத்தின் அடிக்கல்லிலும் கூடு ஒட்டியிருக்கலாம். கடையில் அது மீன் இல்லாத தொட்டியில் இருந்ததா என்று கேளுங்கள். மீன் இருந்தது என்றால் அந்த நத்தையும் தனித் தொட்டியில் அதே 76 நாள். பெரிய தொட்டியில் விட்டால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். புது மீன் வாங்க ஆசை வந்தால் மாலுமியின் காத்திருப்புத் தொட்டியில் சேர்க்காதீர்கள். டப்பாக்கள் சும்மாதான் இருக்கும், அதே நான்கு மாற்றங்களை முதலில் முடிக்கட்டும். இரண்டாவது, நான்காவது முறை நிரப்பும் டப்பாவில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் சேர்த்தால் தோல் தட்டைப்புழுவும் போய்விடும். காற்றுக்கல்லை நன்றாக ஓட விடுங்கள், அந்த மருந்து கலந்த நீரில் ஆக்சிஜன் குறையும்.